ஐந்தாவது போல்ட்டைப் பற்றி ஒரு திருத்தம்

உங்கள் விசாரணை அறிக்கையை மூன்று தடவை படித்தேன் சார். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு. அதைத் திருத்தச் சொல்லத்தான் இரண்டு பஸ் மாறி வந்தேன்.

பாறையேற்றச் சங்கத்துக்குப் பதினேழு வருடமாகப் பாறையில் போல்ட் அடிப்பவன் நான். ஏறுகிறவர்கள் அதில்தான் கயிற்றை மாட்டுவார்கள், விழுந்தால் அதுதான் தாங்கும். முதலில் சுத்தியலால் பாறையைத் தட்டிக் கேட்பேன். கணீரென்றால் நல்ல பாறை. பொத்தென்றால் உள்ளே பொந்து, அங்கே ட்ரில்லையே வைக்கமாட்டேன். துளை போட்டு, தூசியை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதுவேன். நட்டை முறுக்க முறுக்க போல்ட்டின் அடி விரிந்து பாறையைக் கவ்வும். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு போல்ட். ஒன்றுகூட அசைந்ததில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, நான் கொண்டுவந்ததுதான். கயிற்றை மாட்டும் முன் போல்ட்டின் தகட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். தகடு சுற்றினால் பேசாமல் இறங்கிவிடவேண்டும். எல்லோரும் கேட்பார்கள், என் தங்கை வீட்டுக்காரரைத் தவிர.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன். வாய்தான் கொஞ்சம் நீளம். "கை வெச்சுப் பாருங்க மாப்பிள்ள" என்றால், "மச்சான் போட்ட போல்ட்டுல யானையக் கட்டலாம். மச்சான்தான் அதுல ஏற மாட்டாரு" என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். என் முழங்கால் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மாதம் முன்னால், பதினோரு நாள் மேலிருந்து கயிற்றில் தொங்கி ஒரு புதுப் பாதை போட்டேன். முதலில் ஏறி முடிப்பவர் பேர் வைக்கலாம் என்பது விதி. மாப்பிள்ளை முடித்தார். நடுவில் பாறை துருத்திக்கொண்டு நிற்குமே, அதைக் காட்டி 'மாமியார் மூக்கு' என்று பேர் வைத்தார். அவருக்கு மாமியார் என்றால் எனக்கு அம்மா. பலகை எழுதி மாட்டியும் விட்டார்கள். அம்மாவிடம் போய்ச் சொன்னால், அவள் கண்ணாடி முன்னால் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொருத்தமாத்தான்டா இருக்கு" என்கிறாள்.

அதற்காகச் செய்யவில்லை சார். இது முழுக்கப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

சொன்னால் கேட்காதவருக்குப் பட்டால்தான் புத்தி வரும். மூக்குக்குச் சற்றுக் கீழே இருந்த ஐந்தாவது போல்ட்டைக் கழற்றி எடுத்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக விரல்நுனி அளவுக்கு அறுத்து, பசை தடவித் துளையில் நிறுத்தினேன். நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தியே விட்டேன். கை வைத்தால் தகடு சுற்றும், உடனே தெரிந்துவிடும். நியாயமாகத்தான் வைத்தேன்.

மாப்பிள்ளை அந்த மூக்கில் பத்துக்கு ஏழு தடவை விழுவார். ஐந்தாவது பிடுங்கிக்கொண்டால் நாலாவது தாங்கும். ஆனால் அது தாங்குவதற்குள் கீழே கல்திட்டு வந்துவிடும். டேப் வைத்து அளந்தேன், ஒன்றரை மீட்டர் போதவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே கயிறு பிடித்தது நான். "நீ புடிச்சா எனக்கு நிம்மதிண்ணா" என்று தங்கை பிளாஸ்கைத் திறந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். பிறகு தொப்பி எடுக்க வண்டிப் பக்கம் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. நாலாவது போல்ட் இம்மியும் அசையவில்லை. அதை அறிக்கையில் குறிப்பிட்டதற்கு நன்றி.

மாப்பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, அன்றைக்கு நடந்தது எதுவும் ஞாபகமும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என்னைக் கட்டிக்கொண்டு, "உன் தப்பு இல்லண்ணா" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நீங்களும் என் தோளைத் தட்டி, "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை சார். 'போல்ட் பொருத்தியவரின் கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். பதினேழு வருடத்தில் என் கை அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

வேண்டுமானால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஐந்தாவதுக்கு வந்ததும் மாப்பிள்ளை நின்றார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தகட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "மச்சான், இது சுத்துதே. இறங்கிரட்டுமா?" என்று கேட்டார்.

"நான் போட்டது மாப்பிள்ள. யானையக் கட்டலாம், ஏறுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே கயிற்றை மாட்டினார். இப்போதாவது அந்தக் 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிடுங்கள் சார்.