அறுபத்தொன்றாவது வெட்டு

மோவாயை அசைக்காமல் வைத்துக்கொள்ள மனிதர்களுக்குத் தெரியாது. கண்ணைப் படமெடுக்கும் அறையில் பத்தொன்பது வருடமாக நான் கண்டது இதுதான். தாங்கியில் மோவாயை வைக்கச் சொன்னால் நெற்றி பின்னால் போகும். நெற்றியை ஒட்டச் சொன்னால் வாய் திறந்துகொள்ளும். "எச்சில் முழுங்கலாமா அண்ணே?" என்று கேட்காதவர் கிடையாது. நான் ஒருவர்மீதும் எரிந்து விழுந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் இயந்திரம் ஒரு கண்ணை நூற்றிருபத்தெட்டு மெல்லிய வெட்டுகளாகப் படம் பிடிக்கும். அத்தனையையும் பார்க்க எந்த டாக்டருக்கு நேரம்? நான்கை அச்செடுத்துக் கோப்பில் வைப்பேன். எந்த நான்கு என்பது என் விருப்பம். பெரிய டாக்டர் இருந்தவரை, கோப்பைத் திறக்குமுன் "நீ என்னப்பா நினைக்கிற?" என்று கேட்பார். அவர் ஓய்வுபெற்றதும் சின்ன டாக்டர் வந்தார். முதல் வாரமே நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, நர்சுகள் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போட்டோக்காரரே, நீங்க படம் எடுங்க. வியாதிக்குப் பேர் வைக்கிறத நான் பாத்துக்கறேன்."

எனக்குக் கோபமில்லை. சுருக்கென்றிருந்தது, அவ்வளவுதான். மூன்று வருடமாக.

பிறகு ஒரு தையல்காரம்மா வந்தார். இரண்டு கண்ணிலும் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து, ஈரச் சுவரில் வண்ணம் உப்புவதுபோலத் திரை பெயர்ந்திருந்தது. இதில் டாக்டர்கள் குழப்பிக்கொள்ளும் காரணங்கள் இரண்டு. ஒன்று அழற்சி: உடனே ஸ்டீராய்டு கொடுக்காவிட்டால் பார்வை போய்விடும். மற்றது பெரும்பாலும் தானாக வற்றும்: அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால்தான் கெடும். அழற்சியாக இருந்தால் நீருக்குள் மெல்லிய தடுப்புகள் தெரியும், அடிப்படலம் அலையலையாக மடிந்திருக்கும். அறுபத்தொன்றாவது வெட்டில் இரண்டும் பளிச்சென்று இருந்தன. காதில் ரீங்காரம், மண்டையைப் பிளக்கும் வலி என்று அந்தம்மாவே என்னிடம் சொன்னார். அதுவும் அழற்சிக்குத்தான் பொருந்தியது.

நான் தடுப்பும் மடிப்பும் தெரியாமல் வழவழவென்றிருந்த வேறு நான்கு வெட்டுகளைக் கோப்பில் வைத்தேன்.

பொய்ப் படம் ஒன்றுமில்லை. நான்கும் அவர் கண்தான். சின்ன டாக்டர் புரட்டிப் பார்த்து, "கவலையால வர்ற நீர்தாம்மா. நல்லா தூங்குங்க, மூணு மாசத்துல தானா வத்திடும்" என்றார். அந்தம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

என் திட்டம் எளிமையானது. சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லா டாக்டர்களும் உட்கார்ந்திருக்கும்போது அறுபத்தொன்றைத் திரையில் போட்டு, ஒன்றும் தெரியாதவன்போல "இது என்ன டாக்டர்?" என்று கேட்பது. மூக்குடைபட்ட அந்த முகம் எப்படியிருக்கும் என்று கண்ணாடி முன் நின்று நானே செய்து பார்த்தேன். நன்றாகவே வந்தது. நாலே நாள் தாமதம்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை பாதி நாற்காலி காலி. அடுத்த சனிக்கிழமை தலைமை டாக்டர் விடுப்பு. அதற்கடுத்த வாரம் எனக்கே ஒன்று தோன்றியது: இன்னும் கொஞ்சம் நீர் ஏறியபின் மறுபடி படமெடுத்தால் கடைசி வரிசைக்கும் எடுப்பாகத் தெரியுமே.

ஏழாவது வாரம் அந்தம்மா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மோவாய்த் தாங்கியைக் கையால் தடவித் தேடினார். விழித்திரைக்கு அடியில் தழும்பு கட்டிவிட்டது; இனி மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை. சின்ன டாக்டர் படத்தைப் பார்த்து வெளிறிப்போய், முதல்முறையாக என் அறைக்கே வந்தார். "அண்ணே, முதல் நாளே உங்களுக்கு ஏதாவது தோணுச்சா?"

"நான் போட்டோக்காரன்தானே டாக்டர்" என்றேன். சொன்னதும் உள்ளே குளுகுளுவென்றிருந்தது. பொய் சொல்வானேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று நேற்று எழுதிக்கொடுத்தேன். அதில் ஒரு திருத்தம். தையல்காரம்மா கேட்டார். முதல் நாள், மோவாயை எடுத்ததுமே, "அண்ணே, படத்துல என்ன தெரியுது? மறைக்காம சொல்லுங்க. இந்தக் கண்ண வச்சுத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியுது" என்றார். திரையில் அப்போது அறுபத்தொன்றுதான் இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். படம் எடுப்பவன் நோயாளியிடம் வியாதியைப் பற்றிப் பேசக்கூடாது என்பது இந்த ஆஸ்பத்திரி விதி. பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு விதியையும் மீறியதில்லை.