கீழே பேர் தெரியும்

– இப்படியே விட்டா என்னப்பா? ஐ.எம்.ஜி. நாலாயிரத்து இருபத்தொண்ணு. கேமராவே வச்ச நல்ல பேர்தான். யாருக்கும் சண்டை வராது.

– டேய் அருணு, நாளைக்கு குட்வில் எஸ்டேட் மண்டபத்துல டிவில ஓடுறப்ப, படத்துக்குக் கீழ பேரு தெரியும்னு நீதானடா சொன்ன? பரமக்குடியிலேர்ந்து கப்பலேறி வந்திருக்காக. நம்பரைப் பாத்துட்டு, அழகர்சாமிக்கு அறுபதாம் கல்யாணமா, ஆஸ்பத்திரி ஸ்கேனானு கேக்கவா? ஒவ்வொண்ணா பேரை மாத்து. வெளங்குதா?

– டீக் ஹே, மாத்துறேன். இது யாரு, மரத்து மேல காலை வச்சுக்கிட்டு?

– நாந்தேன். சாத்தம் மரமில்லுல சேர்ந்த புதுசு. "அழகர்சாமி, பணியில்"னு போடு.

– மரம் தெரியுது. பணிதான் தெரியல.

– போடுறா.

– போட்டாச்சு. அடுத்து முத்துகிருஷ்ணன் சித்தப்பா. "ஊர்ல நம்ம மனையை வளைச்சவர்"னு போடவா?

– "பாசமிகு தம்பி"னு போடு.

– பத்து வருசமா பேச்சே இல்லையே.

– நாளைக்குப் பேசுவான். முன்வரிசையில சேர் போடச் சொல்லியிருக்கேன்.

– டீக் ஹே. அடுத்தது அண்ணன் மட்டும். ஸ்கூல் கப்போட நிக்கிறான். ரவிச்சந்திரன்னு போடவா?

– அந்தப் பேரு இந்த வீட்டு மிஷின்ல வரப்படாது.

– அப்ப அழிச்சிரவா?

– அழிக்கச் சொன்னனா? "யாரோ"ன்னு போடு.

– என்னது?

– யாரோ. அந்தப் பேர்ல இருக்குற ஒண்ணையும் பென் டிரைவுல ஏத்தப்படாது. வெளங்குதா?

– வெளங்குது. இந்த சைக்கிள் படத்துக்கும் அதேவா? "இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, ரெண்டுனு போடவா"ன்னு கேக்குது பாருங்க. உங்களை விட அதுக்கு மரியாதை தெரியுது.

– போடச் சொல்லு.

– யாரோ ரெண்டு, எனக்கு சைக்கிள் கத்துத் தர்றார். இது உங்களுக்குக் கால் முறிஞ்சப்ப. டெலானிபூர் ஏத்தத்துல யாரோ மூணு உங்களை முதுகுல தூக்கிட்டுப் போறார்.

– அதை எவன் போட்டோ புடிச்சது?

– அம்மாதான். அழுதுக்கிட்டே எடுத்திருக்கு, ஆடிப்போச்சு.

– ம். அதே பேரைப் போட்டுட்டு மேல போ.

– அப்பா, நாளைக்கு வரலாமானு கேக்கச் சொன்னான். கடைசி வரிசையில நின்னு பாத்துட்டு, அடுத்த ஃபெர்ரியிலயே அக்கரைக்குப் போயிருவானாம்.

– சேர் காலியில்ல.

– நிக்கிறேங்குறான்.

– நிக்கவும் எடமில்ல.

– அந்தமான்ல யாரும் சாதி கேக்க மாட்டாங்க, இது தனி ஊருனு மெயின்லேண்ட்காரங்ககிட்ட நீங்கதான சொல்வீங்க?

– கேக்க மாட்டோம்டா. கேக்காமலே தெரியும்.

– அண்ணி நல்லாத்தான் தமிழ் பேசுறாங்க.

– அண்ணின்னு சொல்லாத. ராஞ்சியிலேர்ந்து காடு வெட்டக் கூலிக்கு வந்த சனம் அது.

– நாம கப்பலை வாங்கவா வந்தோம்?

– வாய் நீளுது. சோத்துக்கு இல்லாமத்தேன் வந்தோம். ஆனா வந்தப்பவும் நாம யாருன்னு மறந்துட்டு வரல.

– டீக் ஹே. மனையை எடுத்தவருக்கு சேர். முதுகுல தூக்குனவர் யாரோ. யாரோ நாலு, யாரோ அஞ்சு...

– ஒங்கம்மா எங்கடா? டீ கேட்டு எம்புட்டு நேரமாச்சு.

– ஃபெர்ரி ஏறிப் பாம்பூஃப்ளாட் போயிருக்கு. மீன் வாங்க.

– நாளைக்கு விசேசத்தை வச்சுக்கிட்டு இன்னைக்கு மீனா? அதுவும் வாராவாரம். இக்கரையில கடல் வத்திப்போச்சாக்கும்?

– அந்தப் பக்கம் மீன் நல்லாருக்காம்.

– ஒரு நா கூட அந்த மீனு நம்ம சட்டியில விழுந்து நான் பாக்கல.

– அதை அம்மாகிட்ட கேளுங்க. யாரோ பதிமூணு, யாரோ பதினாலு. அவன் முடிஞ்சான். இனி அம்மா போன்லேர்ந்து எறக்குனது. சாமி படம், குட் மார்னிங், சாமி படம்...

– நில்லு. நில்லுடா. பின்னால போ. அந்தக் கொழந்தை.

– எது?

– தொட்டில்ல கெடக்குல்ல, அது. பெருசாக்கு. காதைப் பாரு. மேல் மடல் ரெண்டா மடிஞ்சிருக்கு பாரு. எங்கப்பாருக்கு அப்படித்தேன். எனக்கும். இந்தா, தொட்டுப் பாரு. எங்க வம்சத்துக் காதுடா அது. முத்துகிருஷ்ணன் மக மாசமா இருக்கான்னாக, அவ புள்ளயா?

– அவளுக்குத் தை மாசந்தான் தேதி.

– அப்ப யாரு புள்ள? என்னா முழி முழிக்குது பாரு, கழுத. டேய், இதை மொதப் படமா ஓட விடு. முன்வரிசைக்காரனெல்லாம் பாக்கட்டும். கீழ பேரு தெரியணும். என்ன பேரு?

– மாத்திட்டேன்பா.

– படிச்சுச் சொல்லுடா, கண்ணாடி போடல. வாயில என்ன கொழுக்கட்டையா? யாரு இது?

– யாரோ பதினஞ்சு, அப்பா.