சீல் வைக்க வர்ற ஜீப்பு

ஹலோ... தமிழு, அக்கா கஸ்தூரி பேசறன்... கேக்குதா? போர்க் கெணறுங்களுக்கு சீல் வைக்க இன்னிக்கு ஊருக்கு வராதடா... ஆமா, இன்னிக்கு வேணாம். சொல்றன், கேளு.

ஆமா... ஆமா, போன மாசம் எல்லாரும் சரின்னுதான் சொன்னாங்க. நாந்தான வூடு வூடாப் போயி கையெழுத்து வாங்கனன். கடலோரம் நல்லவாட்டுப் பக்கம் உப்புத்தண்ணி ஏறிடுச்சு, ஆழப் போரையெல்லாம் மூடலன்னா நாளைக்கு நம்ம பாகூர் பக்கமும் அதான் கதின்னு சொன்னன். புரிஞ்சுக்கினாங்க. மொதல்ல நம்ம போரைத்தான் மூட வச்சன். கரும்பு காயுது, அது கெடக்கட்டும்...

இரு, பேச வுடு. அந்தக் கேன் தண்ணி கம்பெனி போரு ஓடுதுடா... உலகநாதன் மாமா நேத்து கம்பெனி கேட்டு வாசலுக்கே போயி நின்னு பாத்துட்டு வந்தாரு. அறுநூறு அடி போரு, பட்டப்பகல்ல ஓட்றான்... ஆர்டரா? ஆமா, ஒரு ஆர்டரத்தான் கேட்ல ஒட்டி வச்சிருக்கான். அவனுக்கு மட்டும் வெலக்காம்.

...இல்ல, ஊர்ல யாரும் சத்தம் போடல. அதான் பயமா இருக்குது. சத்தம் போட்டா நானே போயி பேசுவன். ஏரிக்கரை ரோட்ல ரெண்டு டிராக்டரைக் குறுக்க வுட்டு வச்சிருக்காங்க. அம்பது பேரு மரத்தடில ஒக்காந்துகினு இருக்காங்க. மொதல் கையெழுத்து போட்டுதே ஆதிலட்சுமி, காலைல என்னப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கினு போவுது. டிராக்டர்ல கடப்பாரையா கெடக்குது... வேலைக்கா? இன்னிக்கு எவன்டா வேலைக்குப் போனான்?

போலீஸா?... வேணாம், இன்னும் கெட்டுப்பூடும்.

உப்பு வந்தா நஷ்டம் அவங்களுக்குன்னு அவங்களுக்கே தெரியாதா? போரை மூடச் சொன்னதுக்குக் கோவம் இல்லடா. எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொன்னமே, அதுக்கு... ம்... ம்... என் தம்பி அந்த நெலத்தடித் தண்ணி ஆபீஸ்ல இருக்கான், ஓரவஞ்சன நடக்காதுன்னு சொல்லித்தான கையெழுத்து வாங்கனன். சட்டத்தப் பாத்தா போட்டாங்க? என் மூஞ்சியப் பாத்து போட்டாங்க.

சரி, அந்த வெலக்கு ஆர்டர்ல கையெழுத்து யாரோடது?... மாமாவுக்குப் புரியல, இங்கிலீஷ்ல கிறுக்கி இருந்துதுன்னாரு... உங்க ஆபீஸ் ஆர்டர்தான, சொல்லு... தமிழு?

...நீயா.

...எப்ப?... நான் வூடு வூடா ஏறி எறங்கிகினு இருந்தப்பவா?... மேலேந்து சொன்னாங்களா. சரி... சரி... அழுவாத. அத அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல ஜீப்பைத் திருப்பு...

ஆபீஸ்லயா இருக்க? அப்ப ஜீப்ல வர்றது யாரு?... டிரைவர் பாக்யராஜும் ஒரு லேபருமா?... அவங்களுக்கு இன்னாடா தெரியும்? போன் போட்டு நிறுத்து... எடுக்கலயா? எத்தினி மணிக்குக் கெளம்புனாங்க?

இரு... மரத்தடில எல்லாரும் எழுந்துட்டாங்க... ஆமா, ஜன்னல்லேந்து பாக்கறன். ஜீப்பு சத்தந்தான்.

இல்ல, வூட்டுக்குள்ள ஒக்கார மாட்டன். ஜீப்புக்கு முன்னாடி போயி நிக்கப் போறன்... என்ன இன்னா பண்ணுவாங்கன்னு எனக்கும் தெரியாது. கேட்டா, அந்த வெலக்குல கையெழுத்து போட்டது என் தம்பிதான்னு சொல்லிடுவன்... ஆமாடா, சொல்லத்தான் போறன். ஒண்ணுந்தெரியாத ரெண்டு பேரு அடி வாங்கக் கூடாது... வேணான்னு நீ சொல்லாத. போன வை.