அக்ராசும் அநியாயமும்

— இல்லீங்க, இல்லீங்க, இல்லவே இல்லீங்க! எதுக்க வர்ற பஸ்ஸ 'கிராஸ் பண்ணுனேன்'னு சொன்னா அவன் என்ன நெனைப்பான்? பஸ்ஸுக்குக் குறுக்க லாரியக் கொண்டுபோயி உட்டுட்டீங்கன்னு நெனைப்பான்.

— அட கெரகமே! இருவது வருசமா நான் கிராஸ் பண்ணிட்டுத்தான் இருக்கறேன் மோகனா. நாமக்கல்ல இருந்து குஜராத் வரைக்கும் எத்தன வண்டியக் கிராஸ் பண்ணியிருப்பேன். ஒருத்தனும் அப்படி நெனைக்கல.

— அது நம்மூரு லாரி இங்கிலீசு. உங்கள வேலைக்கு எடுக்கற லித்துவேனியாக்காரனுக்கு அது புரியாது. 'கோ பாஸ்ட்'. எங்க, சொல்லுங்க.

— கோ பாஸ்ட்டு. வேகமாப் போறதா?

— அது ஃபாஸ்ட்டுங்க! இது பாஸ்ட். ஒண்ணத் தாண்டிப் போறது. எங்க மூணாங்கிளாஸ் பசங்களுக்கு ஒருக்கா சொன்னாப் புடிச்சுக்குவாங்க.

— அவங்க லாரி ஓட்டுவாங்களா? இண்டர்வியூல படத்தக் காட்டி 'லாரி என்ன பண்ணுது'ன்னு கேப்பானாம். ஏன், அவனுக்குக் கண்ணு இல்லியா? பாத்தாத் தெரியாதா?

— அஸ்தம்பட்டி ஏஜெண்டு ஆபீஸ்ல போயி இப்படிக் கேட்டீங்கன்னா வந்த வழியே அனுப்பிருவாங்க. வேலுமணின்னு பேரக் கூப்புட்டதும் உள்ள போகோணும், கேட்டதுக்குப் பதில் சொல்லோணும், அவ்வளவுதான். யோகேசு தம்பி இப்ப பைக்க எடுத்துட்டு வந்துரும். 'த்ரூ'ன்னா?

— இட்டேரிச் சந்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வெளிய வர்றது. ரெண்டு பக்கமும் கிளுவ வேலி.

— வேலியெல்லாம் வேண்டாம். பூந்து போறதுன்னா போதும்.

— மோகனா, அங்க டிரைவர சார்னு கூப்புடுவாங்களாமா. யோகேசு சொன்னான். இத்தன வருசத்துல என்னை ஒருத்தன் சார்னு கூப்புட்டிருக்கானா? செக்போஸ்டுல 'டேய் லாரி'ம்பான். லோடு எறக்கற எடத்துல அதுவுங் கெடையாது, விசில்தான்.

— சார்னு கூப்புடோணும்னா மொதல்ல பாஸாவோணும். 'அக்ராஸ்'?

— இதுதான் எனக்கு ஒதைக்குது. கிராஸுன்னா குறுக்க. செரியா?

— செரி.

— அப்ப அக்ராஸுன்னாலும் குறுக்கதான இருக்கோணும்?

— எத்தன தடவைங்க சொல்றது? நியாயத்துக்கு முன்னால 'அ' போட்டா என்ன?

— அநியாயம்.

— சுத்தத்துக்கு முன்னால போட்டா?

— அசுத்தம்.

— அதேதானுங்க. கிராஸுன்னா குறுக்க. முன்னால 'அ' போட்டா குறுக்க இல்லாதது. அப்ப நெடுக்க.

— அலாங்?

— லாங்குன்னா நீளம். 'அ' போட்டா நீளம் இல்லாதது. அப்ப குறுக்க.

— இது உனக்கே அநியாயமாத் தெரியலியா?

— இங்கிலீசே அநியாயந்தானுங்க. நானா கண்டுபுடிச்சேன்?

— நீ எடப்பாடித் தறிக்கார ஊட்டுப் பொண்ணு. தறியில பாவு நெடுக்க ஓடுது, ஊடை குறுக்க ஓடுது. இப்ப நீயே சொல்லு. எது அக்ராஸ், எது அலாங்?

— பாவு அக்ராஸ். ஊடை அலாங்.

— நல்லா ரோசிச்சுச் சொல்லு.

— ரோசிச்சுத்தான் சொல்றேன்.

— மறுக்கா ரோசி. ஒண்ணும் அவசரமில்ல.

— என்னுங்க நீங்க! நான் டீச்சரா, நீங்க டீச்சரா? நாலு நாளா இதே ரோதன. தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. சொல்றத அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுப் போங்கன்னா, எங்கிட்டயே கேள்வி கேட்டுட்டு.

— கோவிச்சுக்காத அம்முணி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் போறதுல உனக்கு எதாச்சும்...

— எனக்கென்னங்க? போகோணும்னது நீங்க. உங்கம்மா தெருவுல ஒரு ஊடு உடாமச் சொல்லிட்டாங்க, 'எம்பையன் ஃபாரின்ல லாரி ஓட்டப் போறான்'னு. நாளைக்கு 'மருமவ காலப் புடிச்சு இழுத்துப்போட்டா'ன்னு ஒரு பேச்சு எனக்கு வேண்டாம்.

— எங்கம்மாவ உடு. நீ சொல்லு.

— நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்தப்ப நீங்க நாக்பூர்ல இருந்தீங்க. எங்கப்பா தவறுனப்ப சூரத்துல. தனியாப் பாத்துக்கலியா? இதையும் பாத்துக்குவேன். லித்துவேனியான்னா கொஞ்சந் தூரம் சாஸ்தி, அவ்வளவுதான?

— கொஞ்சந் தூரமா?

— படத்தப் பாருங்க! என் மூஞ்சிய என்ன பாக்கறீங்க? லாரி ரோட்டுக்குக் குறுக்கப் போகுது. என்ன சொல்லுவீங்க?

— அலாங்.

— ஆத்தோரமா நெடுக்கப் போகுது?

— அக்ராஸ்.

— அதான். இதை மட்டும் மறந்தராதீங்க.

— மறக்க மாட்டேன். ஏன் கண்ணு கலங்குது?

— உங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தா யாருக்குத்தான் கலங்காது?

— வேலுமணியண்ணா! கெளம்பியாச்சுங்களா? அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க. வெயிலு இப்பவே மண்டையப் பொளக்குது.

— வா யோகேசு. பாஸாயி விசாவே வாங்கிட்டவன், உனக்கென்ன. நான்தான் இந்தப் படத்த வெச்சுட்டு மல்லுக்கட்டிட்டிருக்கறேன்.

— எனக்கும் இதே படந்தாண்ணா காட்டுனாங்க. சும்மா ஒண்ணு கேக்கட்டுங்களா?

— வேண்டாந் தம்பி, அவரு நல்லாப் படிச்சுட்டாரு. நேரமாச்சு, கெளம்புங்க ரெண்டு பேரும்.

— ஒண்ணே ஒண்ணுதாங்கக்கா. அண்ணா, இதப் பாருங்க, லாரி ரோட்டுக்குக் குறுக்கப் போகுது. என்ன சொல்லோணும்?

— அலாங்.

— அலாங்கா? என்னுங்கண்ணா நீங்க! புதங்கெழம டீக்கடையில அத்தன தடவ சொன்னேனே, அக்ராஸுதான் குறுக்க, அலாங்குதான் நெடுக்கன்னு! செரி செரின்னு தலையாட்டுனீங்க. எங்கிட்ட நீங்க திருப்பிச் சொல்லிக்கூடக் காட்டுனீங்களே! இங்கிலீசு டீச்சர ஊட்டுலயே வெச்சுட்டு இப்படி ஒளறுனா எப்படிங்கண்ணா?

— புதங்கெழமையா?

— ஆமாங்கக்கா. ஏனுங்க, எதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டேனா?

— யோகேசு, நீ போயி வண்டிய நெழல்ல நிறுத்து.

— நெழல்லதாண்ணா நிக்குது.

— அப்ப வெயில்ல நிறுத்து. போ சாமி.

— ஏனுங்க, நான் பாடம் ஆரம்பிச்ச புதங்கெழமையே நெசமாவே தெரியுமா உங்களுக்கு?

— தெரியும்.

— தெரிஞ்சுட்டே எங்கிட்ட உக்காந்து அநியாயம், அசுத்தம்னு பாடம் கேட்டீங்களா? இப்ப அங்க போயி என்ன சொல்றதா இருந்தீங்க?

— நீ சொல்லிக் குடுத்ததத்தான்.

— பெயிலாயிருவீங்களே!

— பெயிலானா ஆயிட்டுப் போறேன்.

— ஐயோ, ஏனுங்க இப்படி? 'எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எதுக்குடி மாத்திச் சொல்லிக் குடுத்தே'ன்னு வாயத் தொறந்து என்னை ஒருக்கா கேட்டிருக்கலாமல்ல?

— கேட்டு வாங்கற வார்த்தையா அது? நீயாச் சொல்லுவீன்னு நாலு நாளா உன் எதுக்கயே உக்காந்திருந்தேன். 'போகாதீங்க'ங்கற ஒத்த வார்த்தையத் தவுத்து, இங்கிலீசுல இருக்கற அத்தன வார்த்தையவும் சொல்லிக் குடுத்துட்டே அம்முணி.