தொட்டியில் இறக்கிய விளக்கு

"இந்த வருசம் பழத்துல இனிப்பு தூக்கலா இருக்குது மணி. ரவி இருந்தா ஒரு கூடை தின்னிருப்பான்," என்றார் என் வீட்டுக்காரர்.

"அவனைக் கூப்புட்டுப் பாருங்களேன்."

"நீ கூப்புடு. அம்மா கூப்புட்டா வருவான்."

"நான் யாருகிட்டயும் ஒண்ணும் கேட்டுப் பழக்கமில்லீங்க."

"தெரியாதா எனக்கு? கண்ணாலத்தன்னைக்குத் தண்ணி வேணும்னு கேக்காம மயக்கம் போட்டவதானே நீ."

நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி, இன்ஸ்பெக்டர் அம்மணி. நீங்கள் வாங்கித் தந்த காபி நன்றாக இருக்கிறது. குடித்துக்கொண்டே மிச்சத்தையும் சொல்கிறேன்.

நரசீபுரம் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். சுற்றுவட்டாரமே பன்னீர் திராட்சையை லாரி ஏற்றி மார்க்கெட்டுக்கு அனுப்ப, என் மாமனார் மட்டும் லைசென்ஸ் வாங்கி ஒயின் தயாரிக்க ஆரம்பித்தார். 'ஒயின்காரர் ஊடு' என்றால் யாரும் வழி காட்டுவார்கள். அந்த வீட்டில் ஒருவரும் ஒரு சொட்டு குடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

மகன் ரவிதேஜா மெல்போர்னில் இருக்கிறான். ஞாயிறுதோறும் அவனும் மருமகளும் பேத்தியும் போனில் முகம் காட்டுவார்கள். போன வருஷம் என் கொழுந்தனார் அரங்கசாமி மாரடைப்பில் இறந்துபோனார். சேதி கேட்டதும் மூவரும் விமானம் ஏறி வந்துவிட்டார்கள். காரியம் முடியும்வரை வீடு கலகலவென்று இருந்தது. பேத்தி என் மடியிலேயே தூங்கினாள். ரவி ரசத்தை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சித்தப்பாவுக்கே இப்படி வருகிறவன், என்று அப்போதே ஒரு நினைப்பு வந்தது. சும்மா ஒரு நினைப்புதான்.

ஒயினை வடித்தபின் தொட்டியின் அடியில் சக்கை நிற்கும். ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். ஆனால் பழம் நுரைத்துப் புளித்தபோது கிளம்பிய கெட்ட காற்று உள்ளேயே தங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதனால், கிணறு தூர்வாருகிறவர்களைப் போல நாங்களும் முதலில் ஒரு தூக்குப்போசியில் விளக்கேற்றிக் கயிறு கட்டி இறக்குவோம். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் ஃபேனைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வீட்டுப் பெண்தான் விளக்கை இறக்க வேண்டும் என்பது மாமனார் வைத்த வழக்கம். நான் சொன்னால் போதும், இவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

அன்றைக்கு விளக்கு பாதி ஆழத்திலேயே அணைந்துவிட்டது.

வழக்கமாக இறங்குகிறவன் எங்கள் தோட்டத்து ராசப்பன். அவனை விட்டால் அவன் பெண்டாட்டி பாவாத்தாளுக்கு நாதியில்லை. தவிர, அவனுக்கு ஒன்று ஆனால் ரவி போனில் விசாரிப்பதோடு சரி. அதனால் ராசப்பனை டீசல் வாங்க முன்பே அனுப்பியிருந்தேன். அவன் வர நேரமாகும், நீங்களே இறங்கிவிடுங்கள் என்று இவரிடம் சொன்னேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "வெளக்கு?" என்றார்.

"நல்லா எரியுதுங்க."

ஏணியில் இறங்கினார். மண்வெட்டியைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். களைத்துப்போய் உட்கார்ந்தவர் மாதிரி சாய்ந்துவிட்டார். கஷ்டப்படவில்லை. என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷர், அம்மணி. மகனைப் பார்க்க அவருக்கும் ஏக்கம்தான். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் செய்தேன்.

எல்லோரும் விபத்து என்றார்கள். ரவி வந்தான், வீடு நிறைந்தது. காரியம் முடிந்த கையோடு, ராசப்பன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வான், நீ நிம்மதியாக இரும்மா என்று சொல்லிவிட்டுத் திரும்ப டிக்கெட் போட்டான். நேற்று பெட்டி கட்டினார்கள். கேஸ் என்று ஒன்று வந்தால் பெற்ற மகன் ஊரில்தானே இருக்க வேண்டும்? யோசித்துப் பார்த்து, காலையில் பஸ் ஏறி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

போகாதே என்று அவனிடம் ஒரு தடவையாவது சொன்னேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவனுக்கு ஆயிரம் வேலை. பிள்ளைக்குத் தொந்தரவு கொடுக்க எனக்கு மனசு வராது.

நீங்கள் சொல்லி அனுப்பி அவனும் வந்துவிட்டான். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருப்பான் போல, முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் சாப்பிட்டானோ என்னவோ.

சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று. கேட்டுத்தான் பார்க்கிறேனே.

"ரவி, கண்ணு, போகாதே. அம்மாகூடவே இருந்துக்கோ."