பொம்மிடி பஸ்ஸில் இரண்டு கடல் மீன்கள்

"என்னங்க, டீயா ஆத்துறீங்க?" என்ற பெண் குரல் கேட்டு நிமிர்ந்தேன். எழுபதுகளில் ஒரு நாள், பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து தருமபுரி போகும் பஸ். முன் சீட்டில் அவளும், மெட்ராஸ் ரயிலில் வந்திறங்கிய அவள் புருஷனும். அவர் மடியில் ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் இரண்டு கடல் மீன்கள். டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"காத்து கலக்கலைன்னா செத்துரும். வூட்டுக்குப் போனதும் தொட்டியில வுட்டுரணும்."

"தொட்டி ரெடிங்க. நேத்தே கழுவி ரொப்பிட்டேன்."

டம்ளர் அந்தரத்தில் நின்றது.

"கழுவுனியா? போன மாசம் நான் டின்னுல கொண்டாந்து ஊத்துன தண்ணி?"

"வாயில வச்சுப் பார்த்தேன், ஒரே கரிப்பு. கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன்."

"அது கடல் தண்ணிடி! அதுலதான் இதுங்க உசுரோட இருக்கும்!"

"எங்கிட்டச் சொன்னீங்களா? ஊர்க் கோடிக் கெணத்துல இருந்து ஆறு கொடம் நல்ல தண்ணி சொமந்து ஊத்தியிருக்கேன். அவ்ளோ தொலைவுல இருந்து நம்மள நம்பி வர்ற உசுரு. நம்ம வூட்டுக் கெணத்துல நாம குடிக்கிற உப்புத் தண்ணியவா அதுக்கும் ஊத்துறது?"

அவர் மறுபடியும் தண்ணீரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"மெட்ராஸுக்கு அடுத்த ரயில் எப்பங்க?"