பவுலினின் பச்சை சைக்கிள்

சாமி, லேடீஸ் சைக்கிளில் ஏறுவதற்குக் காலைத் தூக்க வேண்டியதில்லை. வாசற்படி தாண்டுவது மாதிரி ஒரு கால், அப்புறம் இன்னொரு கால், அவ்வளவுதான். காரைக்குடி பின்னால் போய்விடும். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த இடத்தில் சிரிக்கிறேன், மன்னியுங்கள். அதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

என் தங்கை பவுலினுக்குக் கோட்டையூரில் டீச்சர் வேலை கிடைத்தபோது அப்பா வாங்கிக் கொடுத்த சைக்கிள். அறுபத்திரண்டாம் வருடம். பச்சை நிறம், முன்னால் கூடை, பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க வலை. பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரமெல்லாம் என்னிடம்தான். நான் பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறவன், வேட்டி கட்டுகிறவன். கேரியரில் அண்டாவைக் கட்டிய பிறகு மற்ற சைக்கிளில் காலைச் சுழற்றி ஏற முடியுமா? இதில் ஏறலாம். பார் இல்லாத இடத்தில் அரிசி மூட்டை சொகுசாக நிற்கும். ஒரு ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டியைக் கூடையில் உட்காரவைத்துக் கொண்டுவந்தேன். அது கத்தியது, நான் பாடினேன்.

"என்ன ஞானசேகரு, சேலையையும் கட்டிக்கிற வேண்டியதுதானே" என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். "கட்டலாம்தான், வலை இருக்குல்ல, சிக்காது" என்பேன். இறக்கத்தில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு விட்டால் வயிற்றுக்குள் கிச்சுகிச்சு மூட்டும். அந்தக் குஷி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை, பூசையில்கூட. இதையும் பாவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் நேமத்தான்பட்டியிலிருந்து மரிய அந்தோணி என்ற வாத்தியார் பெண் பார்க்க வந்தார். தங்கமான மனுஷன். பவுலின் காப்பியைச் சிந்தினாள், அவர் சிரித்தார், அவளும் சிரித்துவிட்டாள். எல்லாம் பேசி முடித்தபோது அப்பா அவர்களிடம், "பொண்ணோட சைக்கிளும் வந்துரும்" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று அப்போதிருந்த சாமியாரே கேட்டார். நான் தெரிவித்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கார்டு, பெயர் போடாமல், இடது கையால். பெண்ணுக்குக் காக்காவலிப்பு உண்டு என்று எழுதினேன். நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. என் தங்கை இல்லையா. காரைக்குடி முத்திரை விழக்கூடாதென்று நேமத்தான்பட்டிக்கே ஓட்டிக்கொண்டு போய், அந்த ஊர்ப் பெட்டியில் போட்டேன். திரும்பும்போது இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டினேன்.

மாப்பிள்ளை வீட்டார் கார்டைக் கொண்டுவந்து காட்டி வேண்டாம் என்றுவிட்டார்கள், இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. அது வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை பவுலின் கோயிலிலேயே மயங்கி விழுந்தாள். கார்டில் வந்தது நிஜமாக இருக்குமோ என்று அம்மாவுக்கும் பயம் வந்துவிட்டது. அம்மாவே டாக்டரிடம் கூட்டிப்போய், வலிப்பு என்றே சொன்னார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனி சைக்கிள் ஓட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து சைக்கிள் முழுதாக எனக்கு. பவுலின் பஸ்ஸில் போனாள், பஸ் வராத நாளில் நடந்தாள். மாத்திரை மயக்கத்தில் வகுப்பில் தூங்கி விழுந்து, ஒருநாள் வேலையும் போயிற்று. மாதாமாதம் மாத்திரையை வாங்கி, கூடையில் போட்டுக்கொண்டு வந்தது நான்தான். பதிமூன்று வருடத்தில் ஒரு மாதம் தவறியதில்லை. அவள் மேல் எனக்கு அவ்வளவு பாசம். நடுவில் அமராவதிபுதூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அங்கேயும் ஒரு கார்டு போட்டுவிட்டு வந்தேன். வழியில் கண்மாய் நிறைந்து கிடந்தது சாமி, கண் கொள்ளவில்லை.

வேறு சைக்கிள் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கினேன். முதல் நாளே பாரில் வேட்டி மாட்டி, பஸ் ஸ்டாண்டு நடுவில் குப்புற விழுந்தேன். அதில் குஷி இல்லை.

போன வாரம் நம் கோயில் திருவிழாவுக்கு மரிய அந்தோணி பிள்ளைகுட்டிகளோடு வந்தார். பழசை மனதில் வைக்காமல் எங்கள் வீட்டுக்கும் வந்தார். வாசலில் சைக்கிளைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். பவுலினை வைத்துக்கொண்டே சொன்னார்.

"இத இன்னும் வச்சிருக்கீகளா? அந்தக் கார்டு வந்ததுக்கு மொத நாளு, எங்க ஊரு தபால் பெட்டிகிட்ட இதுலதானே வந்து நின்னீக. வீட்டுக்கு வாரீகன்னு நெனச்சுப் பாய்கூட விரிச்சேன். அப்படியே திரும்பிட்டீக."

பவுலின் என்னைப் பார்த்தாள்.  அவர் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, சைக்கிள உங்களுக்கே விட்டுட்டு வாரேன்னு பொண்ணு பாத்த அன்னிக்கே அவுககிட்ட சொல்லிட்டேன். அவுகளும் சரின்னாக. கல்யாணத்தன்னிக்கு உங்க கையில சாவியக் குடுக்கணும்னு ஆசையா வச்சிருந்தேன்."

மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். பதிமூன்று வருடம் ஓட்டாதவள், இரண்டு தரம் தள்ளாடினாள். அப்புறம் மணியை அடித்துக்கொண்டே தெருமுனை திரும்பிவிட்டாள். இப்போது தினமும் போகிறாள். சாவியை இடுப்பில் வைத்திருக்கிறாள். நான் இங்கே நடந்து வந்தேன்.

ஒன்றையும் மறைக்கவில்லை சாமி. என்ன அபராதம் விதித்தாலும் செய்கிறேன். அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீங்கள் சொன்னால் கேட்பாள். வலிப்புக்காரி சைக்கிள் ஓட்டலாமா?